ஏற்காட்டுத் தட்டானுக்கு யார் பங்காளி? சிறகு நரம்பில் ஒளிந்திருக்கும் 30 கோடி வருட வம்சக் கதை!

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காடு ஏறும்போதே காற்றின் குணம் மாறிவிடும். மழை விட்ட பிற்பகல் என்றால் இன்னும் விசேஷம். ஏரிக்கரையில் படகுக்கு டிக்கெட் வாங்கக் காத்திருக்கும் கூட்டத்துக்கு மேலே, ஆள் உயரத்தில், நூற்றுக்கணக்கில் தட்டான்கள் பறந்துகொண்டிருக்கும். ``அப்பா, ஹெலிகாப்டர் பூச்சி!'' என்று குழந்தைகள் கை நீட்டுவார்கள். ``தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை'' என்று பழமொழி சொல்லிக் குடையைத் தேடுவார்கள் பாட்டிகள்.

கரையோரப் புற்களைச் சற்றுக் குனிந்து பார்த்தால் இன்னொரு கூட்டமும் கண்ணில் படும். தையல் ஊசி மாதிரி மெல்லிய உடல். புல் நுனியில் அமர்ந்ததும் சிறகுகளை முதுகுக்கு மேல் மடக்கி ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும். இவை ஊசித்தட்டான்கள்.

இந்த இரண்டும் உறவுக்காரர்களா? எவ்வளவு நெருங்கிய உறவு? தட்டானுக்கும் ஈக்கும், தட்டானுக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் என்ன முறை? இதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

குலதெய்வக் கோயிலில் கூடும்போது, ``நீங்க எந்த வகையறா? உங்க தாத்தா பேர் என்ன?'' என்று கேட்டு முறை கண்டுபிடிப்போம் இல்லையா... ஏறக்குறைய அதே வேலையைத்தான் உயிரியலாளர்களும் செய்கிறார்கள். அந்த முறைக்குக் `கிளேடிஸ்டிக்ஸ்' என்று பெயர். `கிளாடோஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்குக் கிளை என்று பொருள். பொது முன்னோரிலிருந்து பிரிந்த கிளைகளை வைத்து உயிர்களை வகைப்படுத்துவது. சுருக்கமாகச் சொன்னால், உயிர்களின் பங்காளிக் கணக்கு.

பெயர் ஒன்று, வம்சம் வேறு!

பெயரை நம்பி உறவு கொண்டாட முடியாது என்பதற்குத் தமிழே நல்ல சாட்சி. இன்று நாம் `தும்பி' என்றால் தட்டானைத்தான் நினைக்கிறோம். ஆனால், குறுந்தொகையின் இரண்டாம் பாடலில் வரும் தும்பி, பூப்பூவாகத் தேன் தேடிப் போகும் வண்டினம். தட்டான் தேன் குடிப்பதே இல்லை. அது கொசுவையும் சிறு பூச்சிகளையும் பறந்தபடியே பிடித்துத் தின்னும் வேட்டைக்காரன். ஒரே சொல் இரண்டாயிரம் ஆண்டுகளில் ஒரு வம்சத்திலிருந்து இன்னொரு வம்சத்துக்குத் தாவிவிட்டது.

பெயரை விடுங்கள், உருவத்தையாவது நம்பலாமா என்றால், அதுவும் முடியாது. வீட்டுத் திண்ணை ஓரத்து மணலில் புனல் வடிவில் குழி பறித்துக்கொண்டு, சறுக்கி விழும் எறும்பைப் பிடிக்குமே ஒரு பூச்சி... குழிநரி. அது வளர்ந்து சிறகு முளைத்து வெளியே வந்தால், பார்ப்பவர்கள் ``ஊசித்தட்டான்'' என்றுதான் சொல்வார்கள். நீண்ட உடல், கண்ணாடி போன்ற நான்கு சிறகுகள் என அச்சு அசல் ஒரே சாயல்.

ஆனால், குழிநரியின் உணர்கொம்பு நீளமாக, நுனியில் தடித்திருக்கும். தட்டானுக்கோ உணர்கொம்பு இருப்பதே தெரியாத அளவுக்குக் குட்டையான மயிரிழை. குழிநரி கூட்டுப்புழுவாகி அதன் பிறகுதான் சிறகு பெறும். தட்டானின் வாழ்க்கையில் கூட்டுப்புழுப் பருவமே கிடையாது. வம்சப்படி பார்த்தால் குழிநரிக்கு வண்ணத்துப்பூச்சியும் வண்டும் நெருங்கிய சொந்தம். தட்டான் எங்கோ தூரத்து உறவு. தனித்தனியே வந்த இரண்டு பேர் ஒரே மாதிரி உடை உடுத்தியிருந்ததைப் பார்த்து அண்ணன் தம்பி என்று முடிவுகட்டுவதைப் போன்ற தவறுதான் இது.

ஆறாம் விரலும் ஒரு ஜெர்மானியரும்

அப்படியானால் எதைத்தான் நம்புவது? இந்தக் கேள்விக்குத் தெளிவான விடை சொன்னவர், வில்லி ஹென்னிக். 1913-ல் பிறந்த ஜெர்மானியர். ஈக்களை ஆராய்ந்த பூச்சியியலாளர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் ராணுவத்தில் இருந்த இவர், போர் முடியும் நேரத்தில் இத்தாலியில் பிரிட்டிஷ் படையிடம் கைதியானார். மலேரியா ஒழிப்புப் பணியில் ஈடுபட்டுக்கொண்டே, தன் கோட்பாட்டின் முதல் வரைவை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதத் தொடங்கினார். அது 1950-ல் ஜெர்மன் மொழியில் நூலாக வந்தது. 1966-ல் ஆங்கிலத்தில் வெளியான பிறகு உலகமே திரும்பிப் பார்த்தது.

ஹென்னிக் சொன்னது எளிமையான விஷயம். ஒரு கல்யாண மண்டபத்தில் 500 பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எல்லோருக்கும் இரண்டு கண்கள் இருக்கின்றன. அதை வைத்து யார் யாருக்கு உறவு என்று சொல்ல முடியுமா? முடியாது. இரண்டு கண்கள் என்பது மிகப் பழைய சொத்து, மனிதர்கள் அத்தனை பேருக்கும் பொது. ஆனால், அந்தக் கூட்டத்தில் நான்கு பேருக்கு மட்டும் இடது கையில் ஆறாவது விரல் இருக்கிறது என்றால்? அந்த நான்கு பேரும் ஒரே குடும்பமாக இருக்கலாம் என்று சந்தேகப்படுவதில் நியாயம் இருக்கிறது.

அதாவது, பழைய பொதுச்சொத்து உறவுக்குச் சாட்சி ஆகாது. பிற்பாடு புதிதாகத் தோன்றி, ஒரு கிளையில் மட்டும் பகிரப்படும் அடையாளமே சாட்சி. ஒரே ஓர் அடையாளம் என்றால் ஏமாந்துவிட வாய்ப்புண்டு. பல அடையாளங்கள் ஒரே திசையைக் காட்டினால்தான் தீர்ப்பு.

இன்னொரு விதியும் உண்டு. ஒரு குடும்பம் என்று பெயர் வைத்தால், அந்த முன்னோரும் அவர் வழிவந்த அத்தனை பேரும் அதில் இருக்க வேண்டும். பட்டணம் போய்ப் பேன்ட் சட்டைக்கு மாறிவிட்டார் என்பதற்காகச் சித்தப்பா வீட்டை மட்டும் வம்சாவளியிலிருந்து நீக்கக் கூடாது. சாயல் ஒத்துப்போகிறது என்பதற்காக அடுத்த வீட்டுக்காரரைச் சேர்க்கவும் கூடாது.

தட்டான் குடும்பத்தின் `ஆறாம் விரல்' எது?

இந்த விதிகளோடு மறுபடியும் ஏரிக்கரைக்கு வரலாம்.

தட்டானுக்கு நான்கு சிறகுகள். அது சாட்சியாகுமா? ஆகாது. வண்ணத்துப்பூச்சிக்கும் தேனீக்கும்கூட நான்கு சிறகுகள்தான். ஆறு கால்கள்? எல்லாப் பூச்சிகளுக்கும் ஆறு கால்கள்தான். ஆனால், தட்டான், ஊசித்தட்டான் இரண்டிடமும் மட்டும் சில விநோத அடையாளங்கள் இருக்கின்றன.

முதல் அடையாளம் தண்ணீருக்குள் இருக்கிறது. தட்டானின் இளம்பருவம் முழுக்க நீருக்கடியில்தான் கழிகிறது. அப்போது அதன் கீழுதடு, மடித்துவைத்த கை மாதிரி முகத்தின் அடியில் பதுங்கியிருக்கும். கொசுப்புழுவோ தலைப்பிரட்டையோ எட்டும் தூரத்துக்கு வந்தால் அந்த உதடு சட்டென்று முன்னால் நீண்டு, நுனியிலுள்ள கொக்கிகளால் இரையைக் கவ்வி இழுத்துக்கொள்ளும். வேறெந்தப் பூச்சி வம்சத்திலும் இப்படியொரு கருவி இல்லை.

இரண்டாவது அடையாளம், ஜோடி சேரும் விதம். ஆண், பெண்ணின் கழுத்துப் பகுதியைத் தன் வால் நுனியால் பற்றிக்கொள்ள, பெண் தன் வாலை வளைத்து ஆணின் வயிற்றின் முன்பகுதியைத் தொடும். ஆணின் இணைசேரும் உறுப்பு அங்கே, இரண்டாவது, மூன்றாவது கண்டங்களில் இருப்பதுதான் காரணம். புல்லின் மேல் ஜோடித் தட்டான்கள் ஒரு வளையம் போல, சில சமயம் இதய வடிவில் தெரிவது இதனால்தான். மற்ற பூச்சிகளில் இந்த அமைப்பைப் பார்க்க முடியாது.

இப்படிப்பட்ட அடையாளங்கள் எல்லாம் ஒரே பக்கம் கைகாட்டுவதால், தட்டானும் ஊசித்தட்டானும் ஒரே முன்னோரின் வாரிசுகள் என்பதில் இன்று ஐயமில்லை. இந்தக் குடும்பத்துக்கு `ஒடோனேட்டா' என்று 1793-ல் பெயர் வைத்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஃபாப்ரீசியஸ். ஏரிகளிலும் வயல்களிலும் சாதாரணமாகப் பார்க்கக்கூடிய மஞ்சள் நிற ஊசித்தட்டான் ஒன்றுக்கு 1798-ல் அவர் வைத்த பெயரில் நம்ம ஊரே இருக்கிறது. `கோரமண்டேலியானம்' என்றால் சோழமண்டலக் கரையைச் சேர்ந்தது என்று பொருள்!

உலகம் முழுக்க 6,000-க்கும் அதிகமான இனங்கள், இந்தியாவில் ஏறத்தாழ 500 இனங்கள் கொண்ட பெரிய குடும்பம் இது. அதற்குள் இரண்டு பெரிய வீடுகள். உட்காரும்போது சிறகை விரித்தே வைத்திருக்கும், பின்சிறகு அடியில் அகன்றிருக்கும், கண்கள் பெரும்பாலும் தலையுச்சியில் முட்டிக்கொள்ளும் தட்டான்கள் ஒரு வீடு. நான்கு சிறகும் ஏறக்குறைய ஒரே அளவில், பெரும்பாலும் மடக்கிய நிலையில், கண்கள் தலையின் இரு ஓரங்களில் தள்ளியிருக்கும் ஊசித்தட்டான்கள் இன்னொரு வீடு.

தண்ணீருக்குள்ளும் வித்தியாசம் உண்டு. ஊசித்தட்டான் குஞ்சுக்கு வால் நுனியில் மூன்று இலைகள் போன்ற செவுள்கள் இருக்கும். தட்டான் குஞ்சுக்கோ செவுள்கள் மலக்குடலுக்குள் இருக்கின்றன. உள்ளே இழுத்த நீரை வேகமாகப் பீய்ச்சி, ராக்கெட் மாதிரி முன்னால் பாயவும் அதனால் முடியும்.

இடையில் நிற்கும் இமயமலைக்காரர்

கதை இத்துடன் சுபமாக முடிந்திருக்கும். இமயமலையிலிருந்து ஒரு சிக்கல் வந்தது.

1918-ல் டார்ஜிலிங் அருகே சோனாடா பகுதி ஓடையில், இந்திய விலங்கியல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்டான்லி கெம்ப் ஒரு லார்வாவைச் சேகரித்தார். அதை ஆராய்ந்த ஆர்.ஜே.டில்யார்ட் என்ற நிபுணர், ஜப்பானில் மட்டுமே இருந்ததாக நம்பப்பட்ட `எபியோஃப்ளெபியா' என்ற அபூர்வப் பூச்சியின் நெருங்கிய உறவு இது என்று 1921-ல் அறிவித்தார். முழு வளர்ச்சியடைந்த பூச்சி ஒன்றுகூடக் கையில் இல்லாமல், குஞ்சை மட்டும் பார்த்துச் சொன்ன முடிவு அது.

எபியோஃப்ளெபியாவின் உடல், தட்டான் மாதிரி தடித்தது. சிறகோ ஊசித்தட்டான் மாதிரி அடியில் குறுகியது. உட்காரும்போது சிறகை மடக்கிக்கொள்ளும். எந்த வீட்டில் சேர்ப்பது? அந்தக் காலத்தில், இரண்டுக்கும் இடைப்பட்டவையாகத் தோன்றிய டைனோசர் காலப் புதைபடிவங்களுக்கென்று ஒரு மூன்றாவது வீடு வகுத்திருந்தார்கள். இந்த உயிருள்ள பூச்சியையும் அதில் குடியேற்றி, `வாழும் புதைபடிவம்' என்று பட்டம் கொடுத்தார்கள்.

ஹென்னிக்கின் விதிகள் வந்த பிறகு அந்த மூன்றாவது வீட்டின் சுவர்கள் ஆட்டம் கண்டன. அங்கே குடியிருந்தவர்களுக்கிடையே பொதுவாக இருந்தவை பெரும்பாலும் பழைய பொதுச்சொத்துகள். `இந்த வீட்டுக்கும் இல்லை, அந்த வீட்டுக்கும் இல்லை' என்பது ஓர் உறவே அல்ல. சிறகை மடக்குவதை வைத்து எபியோஃப்ளெபியாவை ஊசித்தட்டானோடு சேர்க்கவும் முடியவில்லை. உடலமைப்பும் டி.என்.ஏ-வும் சேர்ந்து சொன்ன தீர்ப்பு இதுதான்... எபியோஃப்ளெபியா, தட்டான் வீட்டின் நெருங்கிய பங்காளி. மற்ற தட்டான்கள் எல்லாம் பல்கிப் பெருகுவதற்கு முன்பே பிரிந்துபோன மூத்த கிளை. அந்தக் கிளையில் இன்று உலகிலேயே மிஞ்சியிருப்பவை ஒரு சில இனங்கள் மட்டுமே. அதன் குஞ்சுகள் குளிர்ந்த மலை ஓடைகளில் ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக வளர்கின்றன. அந்த ஓடை வற்றினால் ஒரு பூச்சி மட்டுமல்ல, ஒரு வம்சமே போய்விடும்.

சிறகு நரம்பு ஏமாற்றிய கதை

தென்னிந்தியாவிலும் இப்படி ஒரு வழக்கு உண்டு. அதைப் புரிந்துகொள்ள ஒரு ராணுவ மருத்துவரை அறிமுகப்படுத்த வேண்டும். ஃப்ரெடரிக் சார்லஸ் ஃப்ரேசர். பிரிட்டிஷ் இந்தியாவில் மருத்துவப் பணியில் இருந்தவர். நோயாளிகளைப் பார்த்த நேரம் போக, தென்னிந்திய மலைகளிலும் ஓடைகளிலும் வலையோடு அலைந்தார். 1933, 1934, 1936 ஆகிய ஆண்டுகளில் அவர் வெளியிட்ட மூன்று தொகுதிகள்தான், இன்றுவரை இந்தியத் தட்டான்களைப் படிக்கும் எவரும் முதலில் புரட்டும் நூல்கள்.

ஃப்ரேசரின் காலத்தில் டி.என்.ஏ சோதனை ஏது? சிறகைப் பிரித்துவைத்து, அதில் ஓடும் நரம்புகளின் எண்ணிக்கை, கிளை, வளைவு எல்லாவற்றையும் கைரேகை பார்ப்பதைப் போலப் பார்த்து உறவு சொன்னார்கள். புதைபடிவத்திலும் பெரும்பாலும் சிறகு மட்டுமே எஞ்சும் என்பதால், நரம்புதான் சாட்சிகளில் பெரிய சாட்சி.

நம் ஓடைகளின் நிழலில் `மூங்கில்வால்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் அழைக்கப்படும் ஊசித்தட்டான்கள் உண்டு. மெலிந்து நீண்ட கறுப்பு உடல், மார்பில் செம்மை ஓடிய கோடுகள். இவற்றின் சிறகில் பின்விளிம்பை ஒட்டிய நரம்பு சுருங்கி, ஏறக்குறைய காணாமலே போயிருக்கும். தென் அமெரிக்கக் காடுகளில் இருக்கும் சில ஊசித்தட்டான்களுக்கும் இதே மாதிரி நரம்பு சுருங்கியிருக்கிறது. ``ஆஹா, ஆறாம் விரல்!'' என்று இரண்டையும் ஒரே குடும்பமாகப் பதிவு செய்தார்கள். அந்தப் பதிவு பல ஆண்டுகள் பாடப்புத்தகத்தில் நிலைத்தது.

2014-ல் நெதர்லாந்தைச் சேர்ந்த டைக்ஸ்ட்ரா உள்ளிட்ட ஆய்வாளர்கள், உலகெங்கிலுமுள்ள ஊசித்தட்டான்களின் டி.என்.ஏ-வை ஒப்பிட்டு ஒரு பெரிய வம்சாவளியை வெளியிட்டார்கள். அதில் அந்தக் குடும்பம் இரண்டாக உடைந்தது. நம் ஊர் மூங்கில்வால், கடல் கடந்த அமெரிக்கக்காரருக்குப் பங்காளி அல்ல. அதே ஓடையின் அதே புதரில், மஞ்சள் கால்களோடு பக்கத்தில் அமர்ந்திருக்கிறதே `யெல்லோ புஷ் டார்ட்'... அந்த வகையறாதான் அதன் உண்மையான சொந்தம். அமெரிக்கக்காரர்களோ வயலிலும் குளத்திலும் நாம் பார்க்கும் சாதாரண ஊசித்தட்டான்களின் குடும்பத்துக்குள் போய்விட்டார்கள்.

நரம்பு சுருங்கியது என்னவோ உண்மைதான். ஆனால், இரண்டு கண்டங்களில், இரண்டு வம்சங்களில், தனித்தனியாகச் சுருங்கியிருக்கிறது. `இருப்பது' மட்டுமல்ல, `இல்லாமல் போவதும்' சாயலை உண்டாக்கும். இரண்டு பேருக்கு வழுக்கை விழுந்தால் இருவரும் அண்ணன் தம்பி ஆகிவிட மாட்டார்கள் அல்லவா?

இது ஃப்ரேசரின் தோல்வி அல்ல. அவர் துல்லியமாக வரைந்து வைத்த நரம்புகளும், விவரித்த இனங்களும் அப்படியே இருக்கின்றன. உறவுமுறைதான் மாறியிருக்கிறது. புதிய சாட்சி வந்தால் தீர்ப்பை மாற்றிக்கொள்வதுதான் இந்த அறிவியலின் பலம். இன்னும் தீர்ப்பு வராத வழக்குகளும் உண்டு. சிறகை உடலோடு படுக்கையாக மடித்துவைக்கத் தெரியாத பூச்சிகள், இன்று தட்டான் குடும்பமும் மேஃப்ளை எனும் குறுவாழ்வுப் பூச்சிக் குடும்பமும் மட்டுமே. இந்த இருவரும் நேர்ப் பங்காளிகளா, அல்லது இருவரும் பழைய வழக்கத்தை விடாமல் வைத்திருப்பவர்கள் மட்டும்தானா என்ற வாதம் இப்போதும் நடக்கிறது.

காக்கை அளவில் ஒரு பெரியப்பா

பிரான்ஸ் நாட்டின் கொமாந்த்ரி நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த ஒரு புதைபடிவத்துக்கு 1885-ல் `மெகாநியூரா' என்று பெயரிட்டார் சார்லஸ் ப்ரோன்யார். சுமார் 30 கோடி வருடங்களுக்கு முன்பு வாழ்ந்த அந்தப் பூச்சியின் சிறகு விரிப்பு ஏறத்தாழ 65 சென்டிமீட்டர். நம் ஊர்க் காக்கையை நெருங்கும் அளவு!

`ராட்சதத் தட்டான்' என்று இதைப் பள்ளிப் புத்தகங்கள் சொல்வதுண்டு. வம்சக் கணக்கில் அது சரியல்ல. இன்றைய தட்டான் சிறகின் மேல்விளிம்பில், நடுவே தெரியும் முடிச்சும், நுனியருகே இருக்கும் கறுத்த புள்ளியும் மெகாநியூராவிடம் இல்லை. தட்டான்களின் நேர் தாத்தா அல்ல அது. வாரிசு இல்லாமல் மறைந்துபோன பெரியப்பா.

ஏற்காட்டுக்கு மட்டும் சொந்தமானவர்கள்

``பூச்சிக்கு முறை கண்டுபிடித்து என்ன ஆகப்போகிறது?'' என்ற கேள்வி எழலாம். அதற்கான பதிலும் சேர்வராயன் மலையிலேயே இருக்கிறது.

சேர்வராயன் மலை, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு. சுற்றிலும் வெயில் காயும் சமவெளி. நடுவில் 1,500 மீட்டருக்கு மேல் எழுந்து நிற்கும் குளிர்ந்த தீவு. பறக்கத் தெரிந்த தட்டான் ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குப் போய்விடும். ஊர்ந்து வாழும் உயிர்களுக்கு அந்தச் சமவெளிதான் கடல். அப்படித் தனித்துவிட்ட உயிர்கள் தலைமுறை தலைமுறையாகத் தனி வம்சமாகின்றன.

2000-ல் ஒரு சிறிய பகல் பல்லிக்கு `நெமாஸ்பிஸ் ஏற்காடென்சிஸ்' என்று ஊரின் பெயரையே வைத்தார்கள் இந்திரனீல் தாஸும் ஆரோன் பாயரும். இதே நெமாஸ்பிஸ் என்ற பெயரில் ஆப்பிரிக்காவிலும், தென்கிழக்கு ஆசியாவிலும் பல்லிகள் இருந்தன. 2012-ல் டி.என்.ஏ ஆய்வு வந்தபோது, மூன்று பகுதிப் பல்லிகளும் ஒரே வம்சம் இல்லை என்று தெரிந்தது. மூங்கில்வாலின் கதைதான், பாத்திரம் மட்டும் பல்லி!

மண்ணுக்குள் வாழும் ஒரு கவச வால் பாம்பின் கதை இன்னும் முக்கியமானது. 1863-ல் பெடோம் என்ற ராணுவ அதிகாரி, சேர்வராயன் மலையில் கிடைத்த இந்தப் பாம்பைத் தனி இனமாக விவரித்து, ஜான் ஷார்ட் என்ற மருத்துவரின் பெயரைச் சூட்டினார். பிற்காலத்தில், ``இது மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் பாம்புதான், புதிதாக ஒன்றுமில்லை'' என்று அந்தப் பெயரை நீக்கிவிட்டார்கள். 2014-ல் மறுபடியும் ஆராய்ந்து, ``இல்லை, இது தனி இனமே'' என்று பெயரைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

இடைப்பட்ட காலத்தில் பாம்பு மாறவில்லை. பதிவேடுதான் மாறியது. ஆனால், பதிவேட்டில் பெயர் இல்லாத காலத்தில் அந்த மலைச்சரிவு அழிந்திருந்தால், ``அதே பாம்பு கேரளத்தில் இருக்கிறதே'' என்று உலகம் தோளைக் குலுக்கிவிட்டுப் போயிருக்கும். தனி வம்சம் என்று தெரிந்த பிறகு, அந்தச் சரிவு அந்த உயிரின் கடைசி வீடு. காப்பித் தோட்டம், கட்டடங்கள், ஒரு காலத்தில் பாக்சைட் சுரங்கம் எனப் பலரும் பங்கு கேட்ட மலையில் இந்த வித்தியாசம் சாதாரணமானதல்ல.

எதை முதலில் காப்பாற்றுவது?

1992-ல் டேனியல் ஃபெயித் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஒரு யோசனையை முன்வைத்தார். எத்தனை இனங்கள் என்று தலையை எண்ணுவது மட்டும் போதாது, வம்ச மரத்தில் எவ்வளவு நீளமான கிளை காப்பாற்றப்படுகிறது என்றும் பாருங்கள் என்றார். பத்துப் பேரன்கள் உள்ள வீட்டில் ஒருவரை இழப்பதும், ஒரே வாரிசு உள்ள வீட்டில் அந்த ஒருவரை இழப்பதும் ஒன்றல்ல. இரண்டும் துயரம்தான். ஆனால், இரண்டாவதில் குடும்பத்தின் கதையே முடிந்துவிடுகிறது.

தட்டான்களில் இந்த இரண்டு முனைகளையும் பார்க்கலாம். மழைக்காலத்தில் புல்வெளிக்கு மேல் கூட்டமாக மிதக்கும் பழுப்பு மஞ்சள் தட்டான், உலகம் சுற்றும் வாலிபன். இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாக இந்தியப் பெருங்கடலைக் கடந்து ஆப்பிரிக்காவுக்குப் போகிறது என்று 2009-ல் சார்லஸ் ஆண்டர்சன் எழுதினார். வெவ்வேறு கண்டங்களில் பிடித்த தட்டான்களின் மரபணுக்கள் ஒன்றோடொன்று கலந்தே இருக்கின்றன என்று 2016-ல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. ஓர் ஊரில் குளம் வற்றினாலும் அது வேறு ஊருக்குப் போய்ப் பிழைத்துக்கொள்ளும்.

மறுமுனையில், நிழலும் ஓடும் நீரும் இல்லாவிட்டால் வாழவே முடியாத ஓடைத் தட்டான்கள். தட்டானின் வாழ்க்கையில் பெரும்பகுதி தண்ணீருக்கடியில்தான் என்பதால், தண்ணீர் கெட்டால் முதலில் காணாமல் போவது இவைதான். அவற்றின் இடத்தில், தேங்கிய சாக்கடை நீரிலும் செழிக்கும் ஆரஞ்சு நிறத் தட்டான் ஒன்று கூட்டமாக வந்து உட்காரும். எண்ணிக்கையைப் பார்த்தால் தட்டான்கள் குறையவே இல்லை என்று தோன்றும். பல கிளைகள் உதிர்ந்து, ஒரே கிளை தழைத்திருக்கிறது என்பது வம்சக் கணக்கு தெரிந்தவருக்கு மட்டுமே புரியும்.

ஏற்காட்டில் இது தொலைதூர விஷயமில்லை. ஏரி நிரம்பி வழிந்தால் அந்தத் தண்ணீர் கிளியூர் அருவியாக விழுகிறது. மேலே ஏரியில் கலப்பது எதுவோ, அது கீழே ஓடைக்கும் போகும். கோடை விழாக் கூட்டம் வீசிவிட்டுப் போகும் பிளாஸ்டிக்கும், விடுதிகளின் கழிவும் கடைசியில் போய்ச் சேரும் இடம் ஒரு தட்டான் குஞ்சின் வீடுதான்.

அடுத்த முறை ஏற்காடு போகும்போது...

வலை வேண்டாம், வாலில் நூல் கட்டும் பழைய விளையாட்டும் வேண்டாம். கையில் இருக்கும் செல்போன் போதும். தட்டான் உட்கார்ந்திருக்கும் நிலையில், சிறகு தெளிவாகத் தெரியும்படி ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம். எடுத்த இடத்தையும் தேதியையும் சேர்த்து `ஐநேச்சுரலிஸ்ட்' போன்ற தளங்களில் பதிவேற்றினால், இனம் தெரிந்தவர்கள் பெயர் சொல்லி உதவுவார்கள். இந்தியத் தட்டான்களுக்கென்றே `ஒடோனேட்டா ஆஃப் இந்தியா' என்ற இணையதளமும் இருக்கிறது. ஓடை ஓடையாகச் சேரும் இந்தப் படங்கள்தான், எந்த இனம் எங்கே இருக்கிறது, எங்கே காணாமல் போனது என்று நாளை சொல்லப்போகும் சாட்சிகள்.

குழந்தைகளுக்கு ஒரு சின்னப் போட்டியும் வைக்கலாம். சிறகை விரித்து உட்கார்ந்தால் தட்டான் வீடு. மடக்கி உட்கார்ந்தால் ஊசித்தட்டான் வீடு. ``ரெண்டும் சொந்தமாப்பா?'' என்று கேட்டால், ``ஆமா, ஒரே தாத்தா'' என்று தைரியமாகச் சொல்லலாம்.

``அப்போ நமக்கும் அதுக்கும்?'' என்ற கேள்வி அடுத்து வரும். அதற்கும் பதில் அதேதான். கொஞ்சம் அதிகம் பின்னால் போக வேண்டும், அவ்வளவே!